வாழை குடித்த ஒயின்

நம்பிக் கொடுத்த பொருளை நாசம் செய்தவன் நான். என் சம்பந்தி கடல் தாண்டிக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் என்னிடம் ஒப்படைத்த ஒரு பாட்டில் ஒயினை, வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானத்தில் கொல்லை வாழைமரத்தடியில் ஊற்றிவிட்டேன். அதோடு நின்றிருந்தால் அது தப்பு. காலி பாட்டிலில் நானே ஒன்றைத் தயாரித்து ஊற்றி, மூடி, பழையபடி வைத்தேன் பாருங்கள், அது அயோக்கியத்தனம். முப்பத்தோரு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் செய்த அயோக்கியத்தனம் என்பதால் இதில் கொஞ்சம் செய்முறை விளக்கமும் வரும். பொறுத்துக்கொள்ளவும்.

என் மகள் நிவேதா மேல்படிப்புக்காக ஹங்கேரி போனாள். படிப்பை முடித்தாள், மார்ட்டோன் என்ற பையனைக் கட்டிக்கொள்வது என்றும் முடிவுசெய்தாள். பையனைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. (தேடிப் பார்த்தேன்.) அவன் அப்பா லாஸ்லோ அங்கே தொகாய் என்ற மலைப்பகுதியில் திராட்சை விவசாயி. மார்ட்டோன் தாயில்லாப் பிள்ளை. அப்பாவும் மகனும் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே கள்ளக்குறிச்சிக்கு வந்து எங்கள் வீட்டில் இறங்கினார்கள்.

வந்த மறுநாள் காலையில் லாஸ்லோ ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே இருந்தது பழைய தேனின் நிறம். அவர் அவர்கள் பாஷையில் பேச, நிவேதா தமிழில் சொன்னாள்.

"இந்தத் திராட்சைக்கு ஃபுர்மின்ட்னு பேருப்பா. வெள்ளைத் திராட்சை. ரொம்ப பிடிவாதமாம். எல்லாத் திராட்சைக்கும் முன்னாடி துளிர் விட்டுடும், ஆனா பழுக்கறப்போ எல்லாத்துக்கும் கடைசி. அதுவரைக்கும் வாயில வைக்க முடியாத புளிப்பாம்."

"நம்ம வூட்டு ஆளு மாதிரின்னு சொல்லு" என்றாள் என் மனைவி வசந்தா.

மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்ததும் லாஸ்லோ முதல்முறையாகச் சிரித்தார். பிறகு ஒரு மணிநேரம் அந்தத் திராட்சையைப் பற்றியே பேசினார். எரிமலை மண்ணில் வளருமாம். சீக்கிரம் பறித்தால் இனிப்பே இல்லாத ஒயின். எலுமிச்சை மாதிரி சுருக்கென்று இருக்கும், பின்னால் லேசாகப் புகை வாசனை வரும். அதிலேயே நுரைக்கிற வகையும் செய்வார்கள். ஆனால் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவைத்தால்தான் அதன் உண்மையான குணம் தெரியுமாம். காலையில் ஆற்றிலிருந்து பனிமூட்டம், மத்தியானம் வெயில் என்று மாறி மாறி அடிக்க, பழத்தின்மேல் ஒரு பூஞ்சை பிடிக்கும். பழம் சுருங்கி, பார்க்கச் சகிக்காமல் ஆகிவிடும். அந்தப் பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிச் செய்த ஒயின்தான் இந்த பாட்டிலில் இருப்பது. இனிப்பு, ஆனால் அடியில் அந்தப் பழைய புளிப்பு போகவே போகாது. அதனால்தான் எத்தனை வருஷம் வைத்தாலும் கெடாது.

"மார்ட்டோன் பிறந்த வருஷத்து ஒயின்ப்பா. கல்யாணத்தன்னிக்குத்தான் திறக்கணும். பொண்ணோட அப்பாதான் திறக்கணுமாம். அதுவரைக்கும் உங்க பொறுப்பு."

நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலையாட்டினேன். என் குற்றம் ஆரம்பித்தது அந்தத் தலையாட்டலில்தான்.

எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் அந்தக் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்து அப்போது ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளின் இழவு வீடுகளில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தவன் நான். அதன் பிறகு கச்சிராயபாளையத்தில் ஒரு கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "என் வீட்டு வாசற்படியை ஒரு சொட்டுச் சாராயமும் தாண்டாது" என்று பேசிவிட்டு வந்திருந்தேன். அந்தக் கூட்டத்தில் இருந்த பாதிப்பேர் கல்யாணத்துக்கு வருகிறார்கள். 'சம்பந்தி, மன்னிக்க வேண்டும், எங்கள் ஊர் நிலைமை இது' என்று சொல்லியிருந்தால் அவர் புரிந்துகொண்டிருப்பார். வகுப்பில் அறுபது பையன்களை ஒரே அதட்டலில் அடக்கியவனுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

சம்பந்தியும் மாப்பிள்ளையும் தஞ்சாவூர், மதுரை பார்த்துவர ஆறு நாள் பயணம் கிளம்பினார்கள். அன்றைக்கு மத்தியானமே வசந்தாவும் நிவேதாவும் ரவிக்கை வாங்கத் தையல்கடைக்குப் போக, நான் களத்தில் இறங்கினேன். ஒரு ஸ்க்ரூவைத் தக்கையில் முடுக்கி, கட்டிங் பிளேயரால் இழுத்தேன். வாழை அப்போதுதான் குலை தள்ளியிருந்தது. அதன் அடியில் பாட்டிலைக் கவிழ்த்தேன். கமகமவென்று ஒரு வாசனை கொல்லை முழுக்க எழுந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். (கொள்கைப் பிடிப்பு.)

அடுத்து தயாரிப்பு. தேன் நிறத்துக்குத் தேனே இருந்தது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் சாமை விதைக்கும் சடையன், என் பழைய மாணவன், கல்யாணத்துக்கென்று ஒரு டப்பா மலைத்தேன் கொண்டுவந்திருந்தான். கொடுக்கும்போதே, "சார், இது பச்சைத் தேனு. தண்ணி கிண்ணி கலந்து வச்சிடாதீங்க, பொங்கிடும்" என்றான். சடையன் வேதியியலில் இரண்டு முறை பெயிலானவன். அவன் பேச்சை எதற்குக் கேட்பது?

தேனும் வெந்நீரும் கலந்து ஆறவைத்தேன். புளிப்புக்கு எலுமிச்சை. இந்த வகை ஒயினில் ஆரஞ்சுத் தோல் மணம் வரும் என்று செல்போனில் படித்ததால் அதையும் ஊறப்போட்டு வடிகட்டினேன். எல்லாம் சரி, புகை வாசனைக்கு என்ன செய்வது? புகை இருப்பது சீக்கிரம் பறித்த வகையில் என்று அவர் சொன்னது எனக்கு மறந்துபோயிருந்தது. யோசித்தேன். பூஜையறைக்குப் போனேன். கரண்டியில் தணல் எடுத்து, சாம்பிராணியைத் தூவி, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, புனல் வழியாக உள்ளே புகை ஏற்றினேன். அந்த நேரத்தில் என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கலவையை ஊற்றி, தக்கையை அடித்து இறக்கி, மேலே சுற்றியிருந்த தகட்டைப் பசைபோட்டு ஒட்டி, அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். மே மாத வெயில். நாலாம் நாள் வசந்தா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னாங்க, அரிசி டிரம்ல இன்னாவோ உஸ்ஸு உஸ்ஸுன்னுகினு இருக்குது."

"எலியா இருக்கும்."

"எலி எதுக்கு மூச்சு விடுது?"

நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கல்யாணம் காலையில் நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் வீட்டுக் கூடத்தில், நெருங்கிய சொந்தம் மட்டும் இருபது பேர். உளுந்தூர்பேட்டையில் லாரி சாமான் கடை வைத்திருக்கும் என் மச்சினன் கோபால் முன்வரிசையில், "மாமா, உங்க வூட்ல இந்த ஐட்டத்த பாக்கறதுக்கே நான் இன்னும் நூறு வருஷம் இருக்கணும்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான். லாஸ்லோ வெள்ளை வேட்டி கட்டி, அதன்மேல் பெல்ட் போட்டு, எழுந்து நின்றார். நிவேதா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இந்தப் பழத்தை எல்லாம் இலோனா, மார்ட்டோனோட அம்மா, அவங்க கையால பொறுக்கினது. அப்போ அவங்களுக்கு எட்டாவது மாசம். குனிய முடியாம, கொடிக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, ஒவ்வொரு பழமா எடுத்தாங்களாம். வயித்துல இருக்கற பிள்ளை கல்யாணத்துக்குன்னு சொல்லி எடுத்தாங்களாம். அவங்க கை பட்டதுல மிச்சம் இருக்கறது இந்த ஒரு பாட்டில்தான்."

வசந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் கையில் பாட்டில். அந்த நிமிஷம் கூடத்துத் தரை பிளந்திருந்தால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நானே இறங்கிப் போயிருப்பேன். 'திறங்க' என்று லாஸ்லோ சைகை காட்டினார். தகட்டைத்தான் உரித்தேன். தக்கையை நான் தொடக்கூட இல்லை.

டமார் என்றது. தக்கை மேலே போய் மின்விசிறியில் அடிபட்டு, திரும்பி வந்து பாயச அண்டாவில் விழுந்தது. நுரை பீச்சியடித்து லாஸ்லோவை மார்பிலிருந்து முழங்கால் வரை நனைத்தது. பெரியம்மா ஒருவர் "முருகா" என்று சுவரோடு ஒண்டிக்கொண்டார்.

"மாமா, இது இன்னா, கோலி சோடாவா?" என்றான் கோபால்.

லாஸ்லோ மெதுவாக ஏதோ சொன்னார். நிவேதா என்னைப் பார்த்தாள். "இந்தத் திராட்சையில நுரைக்கிற வகையும் இருக்காம்ப்பா. ஆனா இது அது இல்லையாம்."

அவர் வெள்ளி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனார். நின்றார். கண்ணை மூடி, நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். மார்ட்டோனும் முகர்ந்துவிட்டு, "சர்ச்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். டம்ளர் வசந்தா கைக்கு வந்தது. அவள் முகர்ந்தாள். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இது நம்ம வூட்டு சாம்பிராணி. வெள்ளிக்கிழம தலைக்கு ஊத்திக்கினு நான் போடறது. இன்னா பண்ணீங்க?"

சொன்னேன். ஸ்க்ரூ, பிளேயர், வாழை, தேன், புனல் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் பேசியதையும், முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாமல் போனதையும் சொன்னேன். கல்யாணப் பட்டுப்புடவையில் நின்ற என் மகள், தன் அப்பன் செய்த திருட்டுத்தனத்தை வாக்கியம் வாக்கியமாகத் தன் மாமனாருக்கு மொழிபெயர்த்தாள். அதற்காக அவளிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

லாஸ்லோ ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்த இடத்தில்?"

கொல்லைக்கு அழைத்துப்போனேன். கல்யாண வீடே பின்னால் வந்தது. வாழைக்கு முன்னால் அவர் வெகுநேரம் நின்றார். தண்டில் உள்ளங்கையை வைத்தார். பிறகு வசந்தாவிடமிருந்து டம்ளரை வாங்கி, ஒரே மடக்காக வாயில் ஊற்றி, உருட்டி விழுங்கிவிட்டு, யோசித்துச் சொன்னார்.

"புளிப்பு சரியாம்" என்றாள் நிவேதா. "தேனும் சரியாம். புகை ரொம்ப ஜாஸ்தியாம்." அவள் உதடு துடித்தது; அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "அப்புறம்... இதுல ஆல்கஹால் இருக்காம்ப்பா. தேன் புளிச்சு ஒயினாயிடுச்சாம்."

கோபால் வாயைப் பிளந்தான். "அப்போ சாராயம் கூடாதுன்னு ஊர் ஊரா பேசிக்கினு, நீங்களே வூட்ல காச்சிக்கினீங்களா மாமா?"

எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்குச் சட்டென்று சிரித்துவிட முடியாது. ஒரு கணம் எல்லாரும் கோபாலையே பார்த்தார்கள். முதலில் சிரித்தது வசந்தாதான். அப்புறம் லாஸ்லோ, மொழிபெயர்ப்புக்குக் காத்திராமலே. அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த சடையன் மட்டும் சிரிக்காமல், "தண்ணி கலக்காதீங்கன்னு சொன்னேனே சார்" என்றான். பாட்டிலில் மிச்சம் இருந்ததை லாஸ்லோ அதே வாழைக்கு ஊற்றினார். கல்யாணத்தில் இரண்டு முறை குடித்தது அது ஒன்றுதான் என்று கோபால் கணக்குச் சொன்னான்.

அவர் சிரித்துவிட்டார். ஆனால் கிளம்பும் நாளன்று காலையில் கொல்லையில் தனியாக, தண்டில் கைவைத்தபடி அவர் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாழை குலையை முற்றவிட்டது. பூவன். வழக்கத்தைவிட ஒரு சீப்பு அதிகம். அக்டோபரில் அதிலிருந்து இரண்டு சீப்பைச் செங்காயாக வெட்டி, துண்டில் சுற்றி, விசாரித்துக்கொண்டு (வாழைப்பழம் கொண்டுபோகத் தடை இல்லையாம்), நானும் வசந்தாவும் ஹங்கேரிக்கு விமானம் ஏறினோம். அறுவடைக்கு நானும் ஓர் ஆளாகப் பழம் பொறுக்குவது, என்னால் முடிந்த பரிகாரம் அதுதான் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

முதல் நாள் என்னை ஒரு கொடி வரிசையில் விட்டார்கள். மத்தியானம் லாஸ்லோ வந்து என் வாளியைப் பார்த்தார். பளபளவென்று நல்ல பழங்களாக நிரப்பியிருந்தேன். அவர் கீழே பார்த்தார். சுருங்கிப் பூஞ்சை பிடித்ததை எல்லாம் பொறுப்பாக வெட்டி எறிந்திருந்தேன். முட்டிபோட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை இரண்டு கிழவர்களும் மண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். அதன்பின் பன்னிரண்டு நாள் ஒரு பழத்தையும் நான் தவறவிடவில்லை.

கடைசி நாள் சமையலறை மேஜையில் இலோனாவின் படத்துக்குப் பக்கத்தில் என் வாழைப்பழங்களை வைத்தேன். நன்றாகப் பழுத்து, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. லாஸ்லோ ஒன்றை உரித்து, பாதியை மகனுக்குக் கொடுத்து, மீதியை மென்றார். இனிப்புக்கு அடியில் பூவனுக்கே உரிய அந்த லேசான புளிப்பு. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு, படத்தைப் பார்த்து, "இலோனா" என்றார். பிறகு இன்னொரு பழம் எடுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அந்த வாழையின் பக்கக்கன்று இப்போது கொல்லையில் அதே இடத்தில் நிற்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு வாழை என்று பெயர் இல்லை. போன மாதம் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வசந்தா கொல்லையிலிருந்து ஓடிவந்து, செல்போனை எடுத்து, ஹங்கேரிக்கு வீடியோ கால் போட்டாள்.

"அண்ணே, சம்பந்தியம்மா குலை தள்ளிட்டாங்க. வந்து பாருங்க."