மூணுலரெண்டும் கீழ்க்கணக்குக்கு வராத தேரும்

இந்த நாட்டின் அரசியலமைப்பைத் திருத்த யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற சண்டை நான் இடுப்பில் சாரம் கட்டப் பழகிய காலத்திலிருந்தே நடக்கிறது. வக்கீல்கள் ஒன்று சொல்வார்கள், மந்திரிமார் ஒன்று சொல்வார்கள். அந்த விஷயத்தில் துளிச் சந்தேகமும் இல்லாத ஒரே மனிதர், அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்தின் கீழ்க்கணக்கில், அதாவது மலையின் கீழ்ப் பிரிவில், லயத்து வரிசை வீடுகளில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று உண்டு. ஆனால் அது அடையாள அட்டையோடு சரி. தோட்டத்துக்கு அவர் மூணுலரெண்டு.

ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. மற்றவர்கள் பாட்டுக் கேட்க வைத்திருந்த ரேடியோவில் இவர் நாடாளுமன்றச் செய்தி கேட்பார். ஏதாவது ஒரு திருத்தம் வாக்கெடுப்புக்கு வருகிற அன்று, முடிவு தெரியும் வரை ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கமாட்டார். மூன்றில் இரண்டு கிடைத்ததா என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று சொல்லும் வழக்கமும் இல்லை.

"வந்தவங்கள்ல மூணுல ரெண்டு இல்லப்பா. மொத்த உறுப்பினர்ல மூணுல ரெண்டு. வராதவங்களையும் சேத்து எண்ணணும்" என்பார். அந்த 'வராதவங்களையும் சேத்து' வரும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். கோயிலில் தீபாராதனை காட்டும்போது சிலருக்கு முகம் அப்படி ஆகும்.

எங்கள் தோட்டத் தலைவருக்கு இது பிடிக்காது. அவர் தொழிற்சங்கத்துத் தலைவர், கோயில் சபைக்கும் அவரே தலைவர். ஆறடி உயரம், குரலும் அதே அளவு. ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் வைத்து, சனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியாகிவிட்டது, கையில் மூன்றில் இரண்டு இருந்தால் நாடாளுமன்றம் எதையும் மாற்றலாம் என்று அடித்துச் சொன்னார்.

மூணுலரெண்டு கிளாசைக் கீழே வைத்தார். "வேல வாங்குற கண்டாக்கையா செடிய மட்டமா கவ்வாத்து வெட்டச் சொன்னா வெட்டுறோம். சரி. தேயிலைய வேரோட புடுங்கச் சொன்னா? அதுக்குத் தோட்டத்துச் சொந்தக்காரனக் கேக்கணுமா இல்லையா? நாட்டுக்குச் சொந்தக்காரங்க சனங்க. சில வாசகத்தத் தொடுறதுன்னா அவங்கள்ட்ட ஒருக்கா திரும்ப வந்து கேக்கணும்."

"தோட்டத்துக்குச் சொந்தக்காரன் யாருன்னே எனக்குத் தெரியலண்ணே. கம்பனி மாறிக்கிட்டே இருக்கு" என்றார் தலைவர். கடையே சிரித்தது. மூணுலரெண்டு மட்டும் சிரிக்கவில்லை. தேத்தண்ணி ஆறும் வரை சர்வசன வாக்கெடுப்பை விளக்கினார். அது ஆறிய பிறகும் விளக்கினார்.

பேச்சோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு முறை டயகம பஸ், மண்சரிந்த இடத்தைத் தவிர்க்க வேறு பாதையில் திரும்பியது. இவர் எழுந்து நின்று, பாதையை மாற்றுவது என்றால் பிரயாணிகளில் மூன்றில் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும் என்றார். சிங்கள டிரைவர் நல்ல மனிதர், தமிழும் பேசுவார். சரி, கையைத் தூக்கச் சொல்லுங்கள் என்றார். பஸ் முழுக்கக் கை தூக்கியது. "முன்னால பஸ் ஹோல்ட்ல நின்னுக்கிட்டிருக்கவங்க இன்னும் ஏறல. அவங்களையும் சேத்து எண்ணணும்" என்றார் இவர். அதற்குப் பிறகு அந்த டிரைவர் இவரைக் கண்டால் பிரேக்கைத் தொடமாட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி செல்லம்மா, தோட்டத்தில் முதல் வரிசைக் கொழுந்துக்காரி, வாயும் அதே வேகம். ஒரு நாள் ரொட்டிக்குப் பதில் சோறாக்குவோமா என்று கேட்டிருக்கிறார். இவர் விதிமுறையைச் சொல்லியிருக்கிறார். "வீட்டுல இருக்கது ரெண்டு பேரு. அதுல மூணுல ரெண்டு எத்தன?" என்று செல்லம்மா கேட்க, இவர் வெகுநேரம் கணக்குப் போட்டு, ஒருத்தரும் கொஞ்சமும் என்று வருகிறது, ஆகவே இரண்டு பேருமே சம்மதிக்க வேண்டும் என்றார். "அப்ப நானும் இனி எதையும் மாத்த விடமாட்டேன்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். ஆறு மாதம் அந்த வீட்டில் ரொட்டிதான்.

இப்படிப்பட்டவர் கோயில் சபைக்குள் வந்தால் என்ன ஆகும்? சபைக்கு யாப்பு, அதாவது விதிப்புத்தகம், எழுதியபோது, விதியை மாற்ற மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பேர், வராதவர்கள் உட்பட, கூட்டத்தில் நேரில் கை தூக்க வேண்டும் என்று ஒரு வரியைப் போட வைத்தார். யாப்பை எழுதிக் கொடுத்தது பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண மாஸ்டர். "ஐயா, உது நாட்டுச் சட்டத்திலை இருக்கிற வசனம். கோயில் சபைக்குக் கொஞ்சம் பாரம் கூட" என்றார் அவர். "பாரமா இருந்தாத்தான் மாஸ்டர் காத்துக்குப் பறக்காது" என்றார் இவர். சர்க்கரைப் பொங்கல் ஆறிக்கொண்டிருந்ததால் மற்ற எல்லோரும் கை தூக்கிவிட்டோம்.

அடுத்த வருடமே தலைவர், யாப்பில் மாதம் குறித்திருந்த திருவிழாவை வேறு மாதத்துக்குத் தள்ளப் பார்த்தார். கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பகுதி சம்மதம். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கொழும்புக் கடைகளில். அவர்களையும் சேர்த்தால் கணக்கு எட்டவில்லை. அப்படியானால் மூன்றில் இரண்டு என்ற வரியையே முதலில் சாதாரண வாக்கில் எடுத்துவிடுவோம் என்றார் தலைவர்.

"கதவத் தெறக்க சாவி கேட்டா, கதவையே கழட்டுறேங்கிறீங்க" என்றார் மூணுலரெண்டு. மாஸ்டரும் அது சரி என்றார். தலைவர் மூன்று மாதம் இவரோடு பேசவில்லை. தைப்பொங்கலுக்குக்கூட எங்கள் லயத்தை விட்டுவிட்டுத்தான் சுற்றி வந்தார்.

அந்த மழைக்காலத்தில் செல்லம்மா மலையில் கான் தாண்டும்போது வழுக்கி விழுந்தார். கான் என்றால் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டிய குழி. இடுப்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாசல் வரை நடப்பார், அவ்வளவுதான். எங்கள் கீழ்க்கணக்கிலிருந்து கோயிலுக்குப் போக ஒரே வழி செங்குத்தான கல் படிக்கட்டு. ஆட்டோ வராது. ரோடு இல்லாத காலத்தில் நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, தோளில் தூக்குவோம். செல்லம்மாவிடம் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. "செத்தாத்தான் என்னத் தூக்கணும்" என்பார். தோட்டத்திலேயே வேகமாக மலை ஏறியவர். அவருக்கு அது அவமானம்.

திருவிழா நெருங்கியது. "அம்மன் ஒருக்கா நம்ம வாசலுக்கு வந்தா என்னங்க?" என்று புருஷனிடம் கேட்டிருக்கிறார். எங்கள் தேர் சக்கரத் தேர் இல்லை, தோளில் தூக்குவதுதான். முன்பு ஒரு மழை நாளில் படியில் ஒருவர் சறுக்கியதால், தேர் மேல்கணக்கை மட்டும் சுற்றும் என்று யாப்பிலேயே எழுதிவிட்டோம். அதை மாற்ற வேண்டும்.

மாற்ற வேண்டும் என்று மூணுலரெண்டு சொன்னதே பெரிய அதிசயம். அந்த மனிதர் இறங்கினார் பாருங்கள். படிக்கட்டில் ஆடுகிற கல் எல்லாவற்றுக்கும் தானே சிமெந்து பூசினார். மேல்கணக்கில் வீடு வீடாகப் போய் நின்றார். கொழும்புக்குத் தகவல் அனுப்பினார். தலைவர் வீட்டுக்கும் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வரும்போது தலைவர் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

கூட்டத்தன்று கோயில் மண்டபம் நிறைந்தது. தலைவரே முதலில் கை தூக்கினார். வந்திருந்த ஒருவர்கூடக் கையைக் கீழே வைக்கவில்லை. மாஸ்டர் எண்ணினார். மறுபடி எண்ணினார். கொழும்பிலிருந்து எல்லோருக்கும் லீவு கிடைக்கவில்லை. நாலு கை குறைந்தது.

தலைவர் கொழும்புக்கு வீடியோ கோல் எடுத்துப் போனை உயர்த்திப் பிடித்தார். பெட்டிகளுக்கு நடுவே நின்று ஐந்தாறு பிள்ளைகள் கை தூக்கினார்கள். மண்டபம் கைதட்டியது.

"கை தெரியுது. ஆளு கூட்டத்துல இல்லைங்களே" என்றார் மூணுலரெண்டு.

தலைவர் இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "விடுங்கண்ணே. எல்லாருக்கும் சம்மதந்தான். நெறவேறிருச்சுன்னு எழுதிருவோம்."

"எழுத முடியாதுங்க."

"ஒங்க சம்சாரத்துக்குத்தானே கேக்குறீங்க?"

"அதனாலதாங்க முடியாது. இன்னைக்கு எனக்காக எழுதுனா, நாளைக்கு எவன் கேட்டாலும் எழுதணும்."

மாஸ்டர் நிறைவேறவில்லை என்று எழுதினார். மூணுலரெண்டு படியில் என்னோடு இறங்கி வந்தார். அவர் பூசிய சிமெந்து புதிதாக இருந்தது. வாசலில் செல்லம்மா உட்கார்ந்திருந்தார். எத்தனை பேர் குறைவு என்று மட்டும் கேட்டார். நாலு என்றார் இவர். அந்த அம்மா கொஞ்ச நேரம் கோயில் பக்கம் பார்த்துவிட்டு, தேத்தண்ணி ஊத்தவா என்றார்.

தேர் அன்று காலை, தப்பு மேளச் சத்தம் மேலே தொடங்கிய நேரம், தலைவர் ஆட்களோடு எங்கள் லயத்துக்கு வந்தார். மூங்கில் கட்டிய நாற்காலி ஒன்று கையில். நோயாளி நாற்காலி மாதிரி அது இல்லை. தேருக்குக் கட்டிய பூவிலேயே மாலை, கைப்பிடிக்குச் சிவப்புச் சேலைத் துண்டு. ஒரு குட்டித் தேர்.

"தேர் கீழ வரக்கூடாதுன்னு யாப்புல இருக்கு. கீழ உள்ளவங்கள மேல தூக்கிட்டு வரக்கூடாதுன்னு இருக்காண்ணே?" என்று கேட்டார் தலைவர்.

மூணுலரெண்டு கண்ணை மூடிக்கொண்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரை யாப்பை மனத்துக்குள் ஓட்டுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தூக்க வந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். மேலே தேர் கிளம்பும் வெடி கேட்டது.

"இல்ல" என்றார் கடைசியில்.

எல்லோரும் செல்லம்மாவைப் பார்த்தோம். அவர் நாற்காலியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். "அத்தன பேரு முன்னாடி இந்த மனுசன் முடியாதுன்னு சொன்னாராம்ல. அதுக்காக ஏறுறேன். இந்த ஒரு தடவதான்" என்றார்.

பின்பக்க மூங்கிலை மூணுலரெண்டு பிடித்தார். வயதானவர் விலகுங்கள் என்று இளந்தாரிகள் சொன்னார்கள். கேட்கவில்லை. அத்தனை படியும் விடாமல் ஏறினார். மேலே நாங்கள் ஓரமாக நின்றபோது தேர் எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. செல்லம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். மூணுலரெண்டு மட்டும் மூங்கிலைப் பிடித்தபடியே நின்றார். கும்பிடுங்க மச்சான், நான் புடிச்சுக்கிறேன் என்றேன்.

"கைய எடுத்தா அவ சாஞ்சிருவாப்பா" என்றார்.

அந்த வருடம் அம்மனுக்கு என்ன நிறச் சேலை கட்டியிருந்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.