மீசை வைத்த அருந்ததி

கல்யாணத்தில் அருந்ததி பார்க்காத தமிழர் இல்லை. பார்த்தது அருந்ததி நட்சத்திரம்தான் என்று சத்தியம் செய்யக்கூடியவரும் இல்லை. பட்டப்பகலில் அய்யர் வானத்தைக் காட்டுவார். மாப்பிள்ளை பெண்ணுக்குக் காட்டுவார். பெண் தலையாட்டுவாள். எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். இதில் யாருக்கும் எந்தக் குறையும் இருந்ததில்லை, எனக்கு மட்டும்தான் இருந்தது. (அந்த வயதில் எனக்கு எல்லாவற்றிலும் குறை தெரியும், என்னிடத்தில் தவிர.)

அப்போது என்னிடம் ஒரு தொலைநோக்கி இருந்தது. நட்சத்திரங்களைப் படம்பிடிக்க வேண்டுமானால் அவை நகர நகரத் தொலைநோக்கியும் கூடவே நகர வேண்டும். அதற்காக ஒரு தாங்கி செய்தேன். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் பொறுக்கிய இரண்டு மோட்டார்கள், பல்சக்கரங்கள், அவற்றை ஆட்டிவைக்க டிவியோடு இணைக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். நட்சத்திரத்தின் இருப்பிடத்தையும் மணியையும் தட்டிவிட்டால் போதும், குழாய் தானே திரும்பிப் போய் நிற்கும். வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்தத் தாங்கியின் அச்சு கம்பீரமாக வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே அதைப் படுக்கவைக்க வேண்டும். அதனால் என் கண்டுபிடிப்பு பார்ப்பதற்குக் கவிழ்ந்து கிடக்கும் தையல் மெஷின் மாதிரி இருந்தது.

இந்தத் தையல் மெஷினால்தான் என் வருங்கால மாமனாருக்கு வருத்தம். அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். அச்சடித்த டிக்கெட்டையே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். கிளமெண்டியில் எனக்குக் கிடைத்திருந்த மூவறை வீட்டைப் பார்க்க வந்தவர், ஓர் அறை முழுக்க மெஷின் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, நாளைக்குக் குழந்தை பிறந்தால் அதை எங்கே படுக்கவைப்பதாக உத்தேசம் என்று விசாரித்தார். நான் ரோஷத்தோடு ஒரு பந்தயம் கட்டினேன். கல்யாணத்தன்று மாலை விருந்தில் அவர் மகள் கோமதிக்கு அசல் அருந்ததியைக் காட்டுவேன். காட்டினால் அந்த அறை மெஷினுக்கு. காட்டாவிட்டால் மெஷின் வந்த வழியே சுங்கை ரோட்டுக்கு. அவர் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்றபோதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

சிராங்கூன் சாலையருகே ஒரு மண்டபத்தில் வைகாசிக் கல்யாணம். இருட்டியதும் பின்முற்றத்தில் விருந்து. வடக்கே இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள், நடுவில் ஒரு சந்து அளவுக்கு வானம். சாப்பாட்டு நேரத்தில் அருந்ததி மிகச் சரியாக அந்த இடைவெளியில் நிற்கும் என்று முன்பே தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பட்டு வேட்டி, மாலை சகிதமாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராமை கேசட்டிலிருந்து ஊட்ட வேண்டும். ஊட்டும்போது கீச்சென்று கத்தும். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தன் சீவாளியைக் கழற்றிப் பார்த்தார்.

கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைத் தட்டினேன். மோட்டார் முனகியது. குழாய் தானாக எழுந்து, திரும்பி, நின்றது. கூட்டம் கைதட்டியது. நான் முதலில் கண் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் மணப்பெண் பார்க்கும் முன் நான் பார்ப்பது முறையல்ல என்று பெருந்தன்மையாக ஒதுங்கினேன். (உண்மையில் மாலை முழங்கால் வரை தொங்கியது, குனிய முடியவில்லை.)

கோமதி குனிந்தாள். மங்கலாக இருக்கிறது என்றாள். தெளியும்வரை குழாயின் திருகைத் திருப்பச் சொன்னேன். அவள் திருப்பினாள், சற்று நேரம் அசையாமல் நின்றாள்.

"தெரியுதா?"

"தெரியுது," என்றாள்.

எனக்கு நெஞ்சு விம்மியது. அடுத்து என் அத்தை பார்த்தார். நல்ல பிரகாசம் என்றார். கோமதியின் சித்தி பார்த்துவிட்டு ஏனோ கன்னத்தில் போட்டுக்கொண்டார். வரிசை நீண்டது. பார்த்தவர்கள் எல்லோரும் தெரிகிறது என்றார்கள், வேகமாக நகர்ந்தார்கள். நான் மனதுக்குள் அறையில் மெஷினுக்குத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மாமனார் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"மாப்ள, அருந்ததிக்கு மீசை உண்டா?"

கண்ணை எடுக்காமல் மேலே சொன்னார்.

"பனியன் போட்டிருக்காங்க. தலைகீழா நின்னு கோப்பி குடிக்கிறாங்க."

மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். இடப்பக்கக் கட்டடத்தின் மேல்மாடிச் சமையலறை சன்னல். பெரிய மீசை வைத்த ஒருவர் சன்னலில் சாய்ந்து எங்கள் கல்யாணத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வானத்துத் தொலைநோக்கி எதையும் தலைகீழாகத்தான் காட்டும். நட்சத்திரத்துக்கு அது பிரச்சினை இல்லை. ஊரே தன்னைப் பார்க்கிறது என்பது அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு, தலை சீவி வந்து நின்று கையசைத்தார். மாமனார் பதிலுக்குக் கையசைத்தார்.

எங்கே தவறியது என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி அரசாங்கமே சொல்லி, சிங்கப்பூர் முழுவதும் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளிவைத்தோம். நானும் சுவர்க் கடிகாரம், கைக்கடிகாரம், அம்மாவின் அலாரம் எல்லாவற்றையும் தள்ளிவைத்தேன். டிசம்பரில் எழுதிச் சோதித்த புரோகிராமை மட்டும் தொடவில்லை. அது பழைய சிங்கப்பூரிலேயே இருந்துகொண்டு, அரைமணி கழித்து அருந்ததி போய்ச் சேரப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய்க் காத்திருந்தது. அங்கே ஒரு கட்டடம் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோமதி என் கையைத் தொட்டாள்.

"அதோ, ரெண்டு புளோக்குக்கும் நடுவுல பெரிசா ஒண்ணு, ஒட்டினாப்ல பொடிசா ஒண்ணு. அதானே?"

அதேதான். வசிட்டரும் பக்கத்தில் அருந்ததியும், வெறுங்கண்ணுக்கே தெரிந்தார்கள். குழாயிலிருந்து கண்ணை எடுத்து அந்தப் பக்கம் பார்க்க எனக்குத்தான் தோன்றவில்லை. ஊரில் எல்லா மாப்பிள்ளைகளும் பெண்ணுக்குக் காட்டுவார்கள். எனக்குப் பெண் காட்டினாள். முதலில் ஏன் தெரிகிறது என்று சொன்னாய் என்று காதருகே கேட்டேன். என்ன தெரிந்தாலும் தெரிகிறது என்று சொல்ல வேண்டும் என்று அவள் அம்மா காலையிலேயே சொல்லிக் கொடுத்தார்களாம். அந்த நிமிடம் அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

தீர்ப்புக்காக மாமனாரைப் பார்த்தேன். அவர் மறுபடி குனிந்து, நிதானமாகப் பரிசோதித்தார்.

"மீசையில நரைச்ச முடியைக்கூட எண்ணிடலாம் லா. மெஷின் நல்ல மெஷின்தான், வெச்சுக்குங்க. மணி பாக்குற வேலையை மட்டும் கோமதிகிட்ட விட்டுடுங்க."

மெஷின் அந்த அறையில் பல வருஷம் இருந்தது. குழந்தைகள் கூடத்தில் தூங்கினார்கள். நான் எடுத்த நட்சத்திரப் படங்களை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் இரு வீட்டிலும் எந்தக் கல்யாணம் நடந்தாலும், அய்யர் வானத்தைக் காட்டியதும் பின்னாலிருந்து ஒருவர் "மீசை தெரியுதா?" என்று கேட்பார், மணப்பெண் "தெரியுது" என்று சொன்னால்தான் கூட்டம் சாப்பிட நகரும்.

எங்கள் மகள் கல்யாணத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் இளம் அய்யர். இந்தக் கேள்வி பதில் முடியும்வரை கைகட்டிக் காத்திருந்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, இது உங்கள் குல வழக்கமா, மந்திரம் ஏதாவது உண்டா என்று பயபக்தியோடு கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி முந்திக்கொண்டு, மந்திரம் கிடையாது, ஆனால் விட்டுவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள்.

இப்போது சிராங்கூன் சாலையில் எங்களுக்கு முன்பின் தெரியாத கல்யாணங்களிலும் அந்த இளம் அய்யர் "மீசை தெரியுதா?" என்று விசாரிப்பதாகக் கேள்வி.