நாற்பத்திரண்டு இறகுள்ள கழுகு

முதலில் ஒரு விடுகதை. வயிறு பெருத்திருக்கும், சோறு உண்ணாது. உதைத்தால் அழாது, பாடும். பள்ளிக்கூடம் போனதே இல்லை, ஆனால் நெற்றியில் தன் பெயரை எழுதி வைத்துக்கொள்ளும். அது என்ன?

யானை என்று சொன்னவர்கள் உட்காரலாம். யானையை உதைத்தவர் யாரும் திரும்பி வந்து விடுகதை போட்டதில்லை. விடை, பாட்டுக்கோஷ்டியின் பெரிய டிரம். மேடையின் நடுவில் படுத்திருக்கும். வாசிப்பவர் காலால் மிதித்தால் 'தம்' என்று அதிரும். அதன் வட்ட முகத்தில்தான் கோஷ்டியின் பெயரும் சின்னமும் இருக்கும். அப்படி ஒரு வட்ட முகத்துக்காகச் சித்தூரில் ஒரு கணவனும் மனைவியும் போட்டி போட்டார்கள்.

கணவர் பெயர் கிருபானந்தம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். 1979-ஆம் வருடம் மே மாதத்தில் அவர் ஒரு மாபெரும் தீர்மானம் செய்தார். சொந்த வீட்டு ஜன்னலைக் கைப்பற்றுவது.

அந்த வீட்டில் வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றுதான். அதன் அடியில் ஒன்பது வருடமாக அவர் மனைவி ஜெயசீலியின் தையல் மிஷின் நின்றது. கிருபானந்தம் சமையல்கட்டு மூலையில், அரிசி டின்மேல் பலகை போட்டு வரைந்தார். அந்த இருட்டில் பச்சையும் நீலமும் அவருக்கு ஒன்றுதான். ஒரு முறை கிளி வரைந்தார். வெளியே கொண்டுவந்து பார்த்தால் மீன்கொத்தி.

வாய்ப்பு மைத்துனன் உருவத்தில் வந்தது. சுந்தர்ராஜ், ஜெயசீலியின் தம்பி. தோள்வரை முடி, தெருவைப் பெருக்கும் பெல்பாட்டம். மூன்று சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு 'மேங்கோ தண்டர்' என்று ஒரு ராக் கோஷ்டி ஆரம்பித்திருந்தான். அன்றைக்கு மெட்ராஸில் இரவல் வாங்கிய இரண்டு இசைத்தட்டு உறைகளோடு வந்தான்.

"மாமா, இதப் பாருங்க. வெளிநாட்டு கோஷ்டிங்க. பேரைக்கூடப் படிக்க வேணாம். சின்னத்தைப் பார்த்தாலே யாருன்னு தெரிஞ்சிரும். எங்களுக்கும் அப்படி ஒண்ணு வேணும். ஜூன் மூணாவது சனிக்கிழமை திருப்பதில போட்டி."

ஜெயசீலி எட்டிப் பார்த்தாள். முதல் உறையில் ஒரு வாய், அதிலிருந்து நீண்ட சிவப்பு நாக்கு.

"இன்னாடா இது, நாக்கை நீட்டிக்கினு? உடம்பு சரியில்லையா?"

"அக்கா, அது லோகோ."

"லோகோவோ, பீகோவோ. முதல்ல விளக்கெண்ணெய் குடுக்கச் சொல்லு." அடுத்த உறையைத் திருப்பினாள். "இந்த எழுத்தெல்லாம் ஊசியாட்டம் இருக்குது. தொட்டா ரத்தம் வரும்போல." பிறகு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "ஆனா ஒண்ணுடா சுந்தர். கண்ணை மூடினாலும் அந்த நாக்கு போக மாட்டேங்குது."

கிருபானந்தம் தொண்டையைக் கனைத்தார். "சின்னத்தை நான் வரையறேன். ஆனா ஜன்னல் வேணும்."

"என் ஜன்னல் இன்னாத்துக்குப் போகணும்? நானும் ஒண்ணு வரையறேன்" என்றாள் ஜெயசீலி.

"நீயா? சீலி, இது ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டற வேலை இல்ல."

"எது டிரம்மில ஏறுதோ அதை வரைஞ்சவங்களுக்கு ஜன்னல். சம்மதமா?"

"எனக்குச் சம்மதம். அப்புறம் அழக் கூடாது."

"அழ மாட்டேன்."

கிருபானந்தம் கெட்டியான முழு டிராயிங் தாளை எடுத்தார். ஒன்பது நாள் வரைந்தார். நடுவில் ஒரு மாங்காய். அதைக் கால்களால் பற்றியிருக்கும் ஒரு கழுகு. கழுகுக்கு நாற்பத்திரண்டு இறகு. ஒவ்வொன்றிலும் தனித்தனி நரம்பு. குறுக்கே இரண்டு கிட்டார். கீழே தீ. பின்னால் ஏழு மலை. மலைக்கு ஒன்று வீதம் ஏழு மின்னல். ஓரத்தில் கொஞ்சம் கடல்.

"சித்தூர்ல ஏது கடல்?" என்று கேட்டாள் ஜெயசீலி.

"எஃபெக்ட்" என்றார் கிருபானந்தம்.

ஜெயசீலி தினக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் வரைந்தாள். அடுப்பில் பால் பொங்குவதற்குள் முடித்துவிட்டாள். ஒரு கிளிமூக்கு மாங்காய். அதன் நடுவே ஒரு மின்னல் வெட்டு. அவ்வளவுதான்.

கோஷ்டி வீட்டுக்கு வந்து ஓட்டுப் போட்டது. சுந்தர்ராஜைத் தவிர மற்ற மூவரும் கிருபானந்தத்திடம் டிராயிங் படித்தவர்கள். அவர் கையில் அன்றைக்கு எதேச்சையாகப் பள்ளிக்கூடத்துப் பிரம்பு இருந்தது. மூன்று கைகள் பழைய பழக்கத்தில் விருட்டென்று உயர்ந்தன. தனியாக நின்ற சுந்தர்ராஜும் கையைத் தூக்கிவிட்டான்.

"நாலுக்கு பூஜ்யம்!" என்றார் கிருபானந்தம். அன்று மத்தியானமே தையல் மிஷின் சமையல்கட்டு மூலைக்குப் போனது. அவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே போகிற எருமையைக் கறுப்பாகவே வரைந்து பார்த்தார். பச்சை பச்சையாக இருந்தது. நீலம் நீலமாக இருந்தது. வாழ்க்கை இவ்வளவு வெளிச்சமானது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த வெளிச்சம் நான்கு நாள் நீடித்தது.

போட்டி சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாகக் கிருபானந்தம் சர்ச்சுக்குப் போனார். ஏனென்றால் கோஷ்டியிடம் சின்ன டிரம்தான் சொந்தமாக இருந்தது. பெரிய டிரம் சபையுடையது. ஈஸ்டர் அன்று விடியற்காலைப் பவனியில் ஊரை எழுப்புவது அதுதான். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் என்பதால் போதகர் அதை இரவல் கொடுத்திருந்தார்.

கிருபானந்தம் டப்பா மூடியைத் திறந்ததுதான் தாமதம், வாட்ச்மேன் ரங்கையா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வத்து மாஸ்டரு, வேணாம்! பெயிண்ட் பட்டா தோலு செத்துப்பூடும். போதகர் ஐயா என்னைக் கொன்னுடுவாரு. பாட்டு கோஷ்டி இன்னா வேணா கட்டிக்கட்டும். துணிதான் கட்டணும். ஞாயித்துக்கிழமை காலையில அவுத்துடணும்."

"துணியா?"

"அவுனு, துணிதான். போன ஈஸ்டருக்குக்கூடத் துணி உறைதானே? உங்க வீட்டம்மாதானே தெச்சாங்க?"

கிருபானந்தம் டப்பாவை மூடினார். வீட்டுக்கு எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது.

ஜெயசீலி இருட்டு மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சீலி, டிரம்மில பெயிண்ட் அடிக்கக் கூடாதாமே?"

"ஆமா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமே."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

கிருபானந்தம் அவள் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு வெங்காயம் உரித்துக் கொடுத்தார். "என் படத்தைத் துணியில தைச்சுத் தருவியா?"

"பேஷா. மிஷினைத் தூக்கி ஜன்னல்கிட்ட வையுங்க. இங்க ஊசி எங்கேயிருக்கு, நூல் எங்கேயிருக்குன்னே தெரியல."

"வேலை முடியற வரைக்கும்தான்."

"முடியற வரைக்கும்தான்."

அவரே தூக்கி வைத்தார். அவள் அவர் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"நல்லா கீதுங்க. ஒரு இறகை வெட்டி, மடிச்சு, ஒட்டுத்தையல் போட முக்கால் மணி நேரம். நாப்பத்திரண்டு இறகு. கிறிஸ்துமஸுக்கு முடிச்சிடலாம்."

"போட்டி நாளைக்கு மறுநாள்டி!"

"அப்ப இறகைக் குறைக்கலாமா?"

"பத்து வை."

"பத்து இறகு வெச்சா கழுகு மாதிரியா இருக்கும்? அடை காக்கற கோழி மாதிரி இருக்கும். பாருங்க, நீங்களே சொல்லுங்க."

கிருபானந்தம் பல்லைக் கடித்தார். "கழுகு வேணாம்."

"உங்க இஷ்டம். கழுகு போயிடுச்சுன்னா கீழே நெருப்பு எதுக்கு? மாங்காயைச் சுட்டுத் துன்னற மாதிரி இருக்குது."

"நெருப்பையும் எடு."

"கிட்டார் இருக்கட்டும். அழகா இருக்குது. தூரத்திலேர்ந்து பார்க்கறவன் ரெண்டு அகப்பைன்னு நினைச்சா நினைச்சுட்டுப் போறான்."

"கிட்டார் வேணாம்!"

"மலை?"

"மலை ரொம்ப முக்கியம். போட்டியே திருப்பதியில."

"வெச்சுடலாம். ஒரே பச்சைத் துணி, ஒரே நிமிஷம். என்ன, மாங்காயும் பச்சை. பச்சை முன்னாடி பச்சை. யாருக்கும் மாங்காய் தெரியாது. கோஷ்டி பேரு மேங்கோ."

கிருபானந்தம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மேலே ஏறுவதற்குப் பக்தர்கள் பாடாய்ப் படும் ஏழு மலையையும் ஒரே வார்த்தையில் தள்ளினார். "எடு."

"கடலு..."

"அதைப் பத்திப் பேசாதே."

"மின்னல் ஏழு வேணுமா? இடி ஒரு தடவைதானே இடிக்குது?"

"ஒண்ணு போடு. எனக்காக ஒரு மின்னலாவது போடு சீலி."

"உங்களுக்காகப் போடறேன்" என்றாள் அவள். மிஷினின் சக்கரம் கடகடவென்று சுற்றியது. அன்று சாயங்காலமே உறை தயார். அவள் அதைச் சுருட்டித் தம்பியிடம் கொடுத்தனுப்பினாள்.

சனிக்கிழமை மூவரும் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனார்கள். மூன்றாவது ஆள் அவர்கள் மகள் ஞானமணி, எட்டு வயது. கல்லூரி மைதானத்தில் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. மேடையில் ஒவ்வொரு கோஷ்டியாக வந்தது. ஒரு கோஷ்டியின் டிரம்மில் சிங்கமும் வாளும் கொடியும் ரோஜாவும் இருந்தன. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க, சாம்பார் கொட்டியது போலத் தெரிந்தது.

பிறகு மேங்கோ தண்டர் வந்தது. விளக்கு எரிந்தது. வெள்ளைத் துணியின் நடுவில் பச்சையாக ஒரு கிளிமூக்கு மாங்காய். அதைப் பிளந்துகொண்டு மஞ்சளாக ஒரு மின்னல்.

"மாமிடிகாய!" என்று முன்வரிசையில் யாரோ கத்தினார்கள். மாங்காயைத் தெலுங்கில் கூப்பிட்ட அந்தக் குரலோடு இன்னும் நூறு குரல் சேர்ந்தது. "மாமிடிகாய! மாமிடிகாய!" சுந்தர்ராஜுக்குப் பாட்டில் நாலு வரி மறந்துபோனது. யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது பரிசு கிடைத்தது. திரும்பி வர நின்ற பஸ்ஸின் பின்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் அதே மாங்காயை அதே மின்னலோடு வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கிருபானந்தம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சந்தோஷத்தில் மீசை துடித்தது. 'என் சின்னம்' என்று நினைத்தார். அடுத்த நொடி அவருக்குக் காலண்டர் தாள் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கியது வழக்கு.

"டிரம்மில ஏறினது என் படத்து மாங்காய்" என்றார் அவர். "கழுகு, கிட்டாரையெல்லாம் நானாத்தானே எடுத்தேன்? மிச்சமும் என்னுதுதானே?"

"ஆமா, நீங்களாத்தான் எடுத்தீங்க. எடுத்து எடுத்து என் படத்துக்கு வந்து சேர்ந்தீங்க" என்றாள் அவள்.

"மாங்காய் யாருக்கும் சொந்தமில்ல!"

"அப்ப ஜன்னலை ஏன் கேக்கறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிருபானந்தத்துக்கு ஒரு யோசனை பிறந்தது. மகளைத் தனியாகக் கடைக்குக் கூட்டிப் போய் இரண்டு கிரீம் பன் வாங்கிக் கொடுத்தார். "நைனா எப்படிப் படம் போடுவேன், சொல்லு" என்றார். "சூப்பரா போடுவே நைனா" என்றாள் ஞானமணி, வாயெல்லாம் கிரீமாக. மூன்றாவது பன்னும் வாங்கினார்.

மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. ஞானமணி புது நோட்டுகளைப் பரப்பி வைத்திருந்தாள். கிருபானந்தம் தன் பெரிய தாளையும் மனைவியின் காலண்டர் தாளையும் அவள் முன்னால் வைத்தார்.

"டிரம்மில வந்தது எதும்மா? அதை உன் நோட்டுல ஒட்டிக்கோ. எதை ஒட்டறியோ, அதை வரைஞ்சவங்களுக்குத்தான் ஜன்னல். சீலி, ஒத்துக்கறியா?"

"குழந்தை சொன்னா சரிதான்" என்றாள் ஜெயசீலி.

ஞானமணி இரண்டையும் பார்த்தாள். பெரிய தாள் கெட்டியாக இருந்தது. அதைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டாள். அதன்மேல் அம்மாவின் மாங்காயை ஒட்டினாள்.