சாக்குக் கடையில் ஒரு சர்ஜானா மூடா

ஈப்போ,
11.5.1986

தைப்பிங்கில் கோப்புகளுக்கு நடுவே சௌக்கியமாக வீற்றிருக்கும் மச்சான் கார்த்திகேசு அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய அப்பாவு எழுதிக்கொள்வது.

நேற்று உங்கள் மருமகன், அதாவது நான் பெற்ற ஜெயபாலன், தாப்பாவில் ஆயிரத்து இருநூறு சாக்கு வாங்கினான். அதில் எண்ணூறு சாக்குக்கு அடி இல்லை.

முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும். இப்போது விசாரிக்கிறேன். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமா? அங்கே மழை ஒரு நாளாவது நின்றதா? இங்கே உங்கள் தங்கை முத்தம்மாவுக்கு முட்டிவலி, எனக்கு நெஞ்செரிச்சல், கடைக்கு மூச்சுத்திணறல். மற்றபடி எல்லோரும் சுகம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. என் மகள் மங்களத்துக்குப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்த செய்தியை உங்களுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கமாட்டேன். வீட்டில் தபால்தலை குறைகிறது, எனக்கும் கண் இருக்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும், யோசிக்காமல் கட்டுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வருடத்துக்கு முன் ஜெயபாலனுக்காகவும் இதே கையெழுத்தில், இதே நீல மையில், யோசிக்காமல் கட்டுங்கள் என்றுதான் எழுதினீர்கள். யோசிக்காமல் கட்டினேன். இந்தத் தடவை யோசித்துவிட்டேன், ஆகவே கட்டப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள். ஆபீஸில் வைத்தே படிக்கலாம், அதைவிட அவசர வேலை அங்கே இருக்கப்போவதில்லை.

ஜெயபாலன் படிப்புக்குப் பதினாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி ஆனது. அந்தப் பணத்துக்கு ஓரளவு ஓடிய லோரி ஒன்று வாங்கியிருக்கலாம். லோரி காலையில் எட்டரை மணிவரை தூங்காது, 'இது எனக்குப் பொருத்தமான வேலை இல்லை' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது, வயதாகிவிட்டால் பழைய இரும்புக்காவது விலைபோகும். பட்டதாரியை நான் எந்த இரும்புக்கடையில் நிறுத்துவது? பட்டத்தைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டுங்கள் என்று சொன்னதும் நீங்கள்தான். மாட்டினேன். மலாயில் பெரிய எழுத்தில் 'சர்ஜானா மூடா' என்று போட்டிருக்கிறது, பி.ஏ.வுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. மூடா என்றால் மலாயில் இளசு என்று எனக்குத் தெரியும். கடையில் சாக்குத் தைக்கிற சன்னாசிக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் படுபாவி முதல் நாள் கண்ணாடி முன்னால் நின்று, பாசார் முழுக்கக் கேட்கும்படி எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"சர்... ஜா... னா... மூடா! என்னா மொதலாளி, தம்பிய நாலு வருஷம் படிக்க வச்சிட்டு கடைசியில இப்படி ஏசி எழுதிக் குடுத்துட்டாங்க?"

"டேய், அது மலாய்டா. இளம் அறிஞன்னு அர்த்தம்."

"இளசா? அப்ப இன்னும் முத்தலையா? முத்துறதுக்குத் தனியா எவ்ளோ கட்டணும் மொதலாளி?"

"வாய மூடுடா!"

"அதத்தான் மொதலாளி நானும் படிச்சேன், மூடான்னு."

அன்றிலிருந்து பாசாரில் ஜெயபாலனுக்கு அதுதான் பெயர். பக்கத்து மீன்கடைச் சீன முதலாளி தவுக்கே காலையில் கோப்பி குடிக்கப் போகும்போது எட்டிப் பார்த்து, "மூடா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

வேலை தேடவில்லையா என்பீர்கள். பத்து காஜா ஊரில் கணக்கு எழுதும் கிராணி வேலை ஒன்றுக்குப் போனான். ஒரே ஒரு நாற்காலி, அதற்கு முந்நூற்று நாற்பது பேர் வரிசை. அவன் முறை வந்ததும், "தம்பி, உனக்குப் படிப்பு ஜாஸ்தி, இங்க நெலைக்கமாட்ட" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே இன்னொரு கம்பெனியில், "இந்தப் படிப்பு பத்தாதுலா, மேல ஏதாச்சும் படிச்சிட்டு வா" என்றார்களாம். மச்சான், முப்பது வருடமாகச் சாக்கு விற்கிறேன். ஒரே சாக்கு ஒரே மாதத்தில் ஒருவனுக்குப் பெரிசாகவும் இன்னொருவனுக்குச் சிறிசாகவும் இருந்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட சரக்கை நான் கொள்முதல் செய்ததும் இல்லை, உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு தடவை செய்ததைத் தவிர.

சரி, வேலை கிடைக்கும்வரை கடையில் இருடா என்று உட்கார வைத்தேன். ஈயம் விலை விழுந்து பாதிச் சுரங்கத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள், அங்கே போன சாக்கெல்லாம் கடையில் தேங்கிக் கிடக்கிறது, ரப்பர்த் தோட்டங்களிலாவது ஒட்டுப்பால் கட்டச் சாக்கு வேண்டுமா என்று ஒரு மானேஜருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். எழுதினான். இரண்டு நாள் எழுதினான், அகராதியை வைத்துக்கொண்டு எழுதினான். வாசித்துக் காட்டியபோது எனக்கே கண் கலங்கியது, ஒரு வார்த்தை புரியவில்லை என்றாலும். அடுத்த வாரம் மானேஜர் ஆள் அனுப்பினார். சாக்குக்கு இல்லை, அவர் மகனுக்கு இங்கிலீஷ் டியூஷன் சொல்லித்தர இந்தக் கடிதம் எழுதியவர் வருவாரா என்று கேட்டு. வந்தவனிடம், சாக்கு என்ன ஆனது என்றேன். "ஓ, அது சாக்க பத்துன கடிதமா?" என்றான்.

கடைசியாக நேற்றைய கதை. தாப்பாவில் மலையிலிருந்து காய்கறி இறக்குகிற ஒரு கடைக்காரர் ஆயிரத்து இருநூறு பழைய சாக்கு மொத்தமாகத் தருகிறேன் என்றார். நான் போயிருந்தால் ஒவ்வொன்றையும் உதறி, வெயிலுக்கு நேராகப் பிடித்து, உள்ளே கைவிட்டுப் பார்த்திருப்பேன். ஒரு பகல் ஆகும். முட்டிவலிக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால் உங்கள் மருமகனை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, காசையும் கொடுத்துவிட்டு, சரக்கோடு வந்து இறங்கினான்.

"எப்படிடா அதுக்குள்ள பாத்த?"

"எல்லாத்தையும் பாக்க வேணாம்பா. முப்பது சாக்கு எடுத்துப் பாத்தேன், அத்தனையும் ஒண்ணாந்தரம். அதுக்குப் பேரு சேம்பிள். முப்பது நல்லாருந்தா மிச்சம் எப்படி இருக்கும்னு கணக்குலயே சொல்லிடலாம், யூனிவர்சிட்டில படிச்சிருக்கோம்."

"அந்த முப்பத எடுத்துக் குடுத்தது யாரு?"

"கடைக்காரர்தான். ரொம்ப ஒத்தாசையான மனுஷன்பா."

சன்னாசி ஒரு சாக்கை எடுத்துத் தலைவழியாகப் போட்டு, கால்வழியாக வெளியே வந்து காட்டினான். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. எட்டாவது சாக்கில் எனக்கு நெஞ்செரிச்சல் ஆரம்பித்தது.

மங்களம் அண்ணனைப் போல இல்லை, சூட்டிகையான பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். சூட்டிகையாக இருக்கிறவளைப் பிடித்து எதற்காக நாலு வருடம் கெடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. இவனும் ஆறாம் வகுப்பில் சூட்டிகையாகத்தான் இருந்தான். எட்டு வயதில் சில்லறையை எண்ணாமல் எவனையும் விட்டதில்லை. மங்களம் டைப்படிக்கப் படிக்கட்டும், மூன்று மாதத்தில் முடிந்துவிடும், பிறகு கடைக்கு வரட்டும். படிப்புக்கு ஆகும் பணத்துக்கு லோரி எடுக்கிறேன். இதைச் சொன்ன நாளிலிருந்து உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை, என் குழம்புக்கு மட்டும் உப்புப் போடுவதை நிறுத்தியிருக்கிறாள். அந்தப் பெண்ணோ பல்கலைக்கழகக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பாடப் புத்தகத்தையே பார்க்கிறாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பெற்றவன்தானே. ஆனால் கஷ்டத்துக்காகச் சரக்கு எடுத்தால் கடை என்னத்துக்கு ஆகும்? மங்களம் போகமாட்டாள். இது முடிவு. மறுபடி எழுதி மையை வீணாக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்கள் நோயில்லாமல் வளரட்டும், நன்றாகச் சாப்பிடட்டும், அளவாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
அப்பாவு

பி.கு.: மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். புதுத் தாள் எடுக்க மனம் வரவில்லை. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மங்களம் கடைக்கு வந்து கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்து அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"அப்பா, நான் படிக்க எவ்ளோ ஆவும் தெரியுமா?"

"எனக்குத் தெரிய வேணாம்."

"வருஷத்துக்கு மூவாயிரத்து அறுநூறு."

"மூவாயிரத்து அறுநூறா? அநியாயமா இருக்கே! கொறச்சுச் சொல்லுலா!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினேன். உங்களுக்கு ஆபீஸ் உத்தியோகம், இது தெரியாது. எங்கள் பாசாரில் விலையைக் கேட்டுவிட்டு யாரும் போகலாம், தப்பில்லை. 'குறை' என்று வாயால் சொல்லிவிட்டால் சரக்கை எடுக்கிறான் என்று அர்த்தம். அதன் பிறகு விலகியவனுக்கு மறுநாள் ஒருவனும் சரக்குக் காட்டமாட்டான். சன்னாசி ஊசியைக் கீழே போட்டுவிட்டு, "மொதலாளி கொறன்னு சொல்லிட்டாரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். மீன்கடைத் தவுக்கே நாற்காலியோடு வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டாயிரத்தில் நின்றேன். அவள் மூவாயிரத்து நானூறுக்கு வந்தாள். நான் எழுந்து போவதுபோல எழுந்தேன். அவள் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்து உட்கார்ந்தேன். கடைசியில் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு முடிந்து, தவுக்கே இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்துவிட்ட பிறகு, அவள் மடியிலிருந்த தாளைக் காட்டினாள். உண்மையான செலவு இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது. பெற்ற அப்பனிடமே வருடத்துக்கு ஐம்பது வெள்ளி லாபம் வைத்திருக்கிறாள். மச்சான், இவளை நாலு வருடம் இல்லை, நாற்பது வருடம் படிக்க வைத்தாலும் கெடுக்க முடியாது.

நாளைக் காலையில் முன்பணம் கட்டுகிறேன். பேசி முடித்த விவரம் இது: வருடம் இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி என் பொறுப்பு. விடுமுறைக்கு வந்தால் கடைக் கணக்கு அவள் பார்க்க வேண்டும், சம்பளம் கிடையாது என்றேன், நாளுக்கு எட்டு வெள்ளி என்றாள், ஐந்துக்கு முடிந்தது. படிப்பு முடியும்வரை கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. புத்தகச் செலவு மட்டும் தாய்மாமன் பொறுப்பு, வருடத்துக்கு முந்நூறு வெள்ளி. அவள் ஐந்நூறு கேட்டாள். உங்கள் சார்பில் நான்தான் 'குறை' என்று சொன்னேன்.