குப்பை மலையின் மூச்சு

இனி நம் வீட்டு வாழைப்பழத் தோல் ஒன்றுகூட மனைவியின் பூந்தொட்டிக்குப் போகக் கூடாது என்று, பல் துலக்கும்போதே வாயுக்காரர் முடிவெடுத்தார்.

ஊருக்கு வெளியே தினமும் குப்பை கொட்டி மண் போட்டு மூடும் குப்பை மலைதான் அவர் வேலை பார்க்கும் இடம். மேலே புல். புல்லுக்கு நடுவே அறுபது குழாய்கள். உள்ளே மக்கும் குப்பையின் வாயுவை அவை உறிஞ்சி எஞ்சினுக்கு அனுப்ப, இரண்டாயிரம் வீடுகளில் விளக்கு எரியும். அவர் குழாயில் காது வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மூன்று வருஷத்துக்கு முன் மனைவி கருகவிட்ட காய்கறி இப்போது யார் வீட்டுப் படிப்பு மேசையில் வெளிச்சமாக விழுகிறதோ என்று நினைத்தால் அவருக்கு உடம்பு மிதக்கும்.

பத்து நாளாக வாயு நீர்த்துப்போய் எஞ்சின் இருமியது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அவரைக் கோப்பறைக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். கோப்பறைக்கு ஜன்னல் கிடையாது.

அவர் தெருவில் இருக்கும் பெண்கள் குப்பையை மலைக்கு அனுப்பாமல் உரமாக்குவதுதான் காரணம் என்பது அவர் கட்சி. அந்தப் பெண்களின் தலைவி அவர் வீட்டிலேயே இருந்தாள். அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"இன்னிக்குப் போடுற தோல் எப்பங்க வாயுவாகும்?"

"ஒரு வருஷமாவது ஆகும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகாதா?"

அவர் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

பாவம் பார்த்து, புதன்கிழமை அவளே மலைக்கு வந்தாள். வாயு குறையக் குறைய வால்வுகளை முழுக்கத் திறந்துவிட்டதை அவர் பெருமையாகக் காட்டினார். அவள் ஒரு குழாயடியில் குந்தினாள். வெடித்த மண்ணுக்குள் ஒரு காய்ந்த இலை, தூக்கத்தில் நடப்பதுபோல், மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"ஓட்டை ஸ்ட்ராவுல ஜூஸ் குடிக்கிறீங்க. இந்த இழுப்பு இழுத்தா வெளிக்காத்துதான் உள்ள வரும்."

வால்வுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். வெடிப்பில் ஈரமண் அப்பச் சொன்னாள். அவர் அப்பினார். மேகம் போகிற அழகில், அவள் எதை எவ்வளவு திருகினாள் என்று பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை எஞ்சின் தூங்கும் பூனைபோல் குறுகுறுத்தது. மேலாளர் மனம் குளிர்ந்துபோய் எப்படி என்று விசாரித்தார். எல்லாம் அனுபவம் என்று வாயுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"வால்வை எத்தனை சுத்து இறுக்கினீங்க?"

"வீட்டுக்குப் போய்க் கேட்டுச் சொல்றேன் சார்."

மேலாளர் அவருக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை. தானே வீட்டுக்கு ஃபோன் போட்டார்.

திங்கட்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகவே வேலைக்குக் கிளம்பினார்கள். கோப்பறை வாசலில் அவரை இறக்கிவிட்டு அவள் சொன்னாள்:

"புழுக்கமா இருந்தா மலைப்பக்கம் காத்தாட வந்துட்டுப் போங்க. எதையும் தொடாதீங்க."