முந்நூறு வாசகர்கள்

தலைமையகத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. பூஜ்யம்.

கடந்த பதினைந்து வேலை நாட்களில் நூலகத்தில் எத்தனை புத்தகங்கள் படிக்கப்பட்டன என்பதற்கு அதுதான் விடை. கீழே இன்னும் இரண்டு வரி: 'வெள்ளிக்கிழமை புள்ளிவிவர அதிகாரி நேரில் வருவார். நிலைமை இதுவே என்றால் வாசிப்பு அறை கூட்ட அறையாக மாற்றப்படும்.'

அடுக்கு அதை இரண்டு முறை படித்தாள்.

அடுக்கு என்பது வீட்டார் வைத்த பெயர். அக்கா வீட்டுச் செருப்புகளைக்கூட அளவுவாரியாக நிறுத்தி வைப்பவள் அவள். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் அந்த அமைப்பின் நூலகத்தில் மூன்று மாத இன்டர்னாகச் சேர்ந்தபோது, "பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்குடி" என்றாள் அக்கா. சேர்ந்த வாரமே நூலகர் கண் ஆபரேஷனுக்காக விடுப்பில் போக, நூலகமே அவள் கைக்கு வந்துவிட்டது.

தினமும் காலை ஒன்பதுக்கு அவள் நுழையும்போது துப்புரவுப் பணியாளர் அம்மா வேலை முடித்துக் கிளம்பிக்கொண்டிருப்பார். "இந்த வேலைக்கு முதுகே மிச்சமில்லம்மா" என்பார். உள்ளே மேசைகளில் இருபது புத்தகமாவது விரிந்து கிடக்கும். ஊழியர்களிடம் கதவைத் திறக்கும் அட்டை உண்டு. தான் ஐந்து மணிக்குப் போனபின் வந்து படிக்கிறார்கள்போல என்று அடுக்கு நினைத்துக்கொள்வாள். நாற்காலிகளைக்கூட ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுப் போகிற நாகரிகமான வாசகர்கள்! ஒவ்வொரு புத்தகத்தையும் எண் பார்த்து அலமாரியில் சேர்த்த பிறகுதான் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள்.

அப்படியிருக்க, பூஜ்யம் எங்கிருந்து வந்தது?

நூலகர் விட்டுப்போன குறிப்புத் தாளை முதன்முறையாகப் பின்பக்கமும் திருப்பினாள். ஏழாவது குறிப்பு: 'மேசைப் புத்தகங்களை ஸ்கேன் செய்த பிறகே அடுக்கவும்.'

'படித்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுச் செல்லவும்' என்று நூலகங்களில் ஒரு பலகை இருக்கும். வாசகர் தாமே திருப்பி வைக்கிறேன் என்று தட்டு மாற்றி வைத்துவிட்டால் அந்தப் புத்தகம் கடலில் கரைத்த பெருங்காயம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிட நுட்பமானது. வீட்டுக்கு எடுத்துப்போகும் புத்தகத்துக்குப் பதிவு உண்டு. அங்கேயே உட்கார்ந்து புரட்டிவிட்டுப் போவதற்கு என்ன சாட்சி? மேசையில் கிடக்கும் அந்தப் புத்தகம்தான். அதன் பார்கோடைக் கருவியில் காட்டினால் ஒரு 'பீப்'. ஒரு பீப் என்றால் ஒரு வாசிப்பு.

மூன்று வாரமாக அடுக்கு அந்தச் சாட்சிகளைத் துடைத்தெடுத்திருக்கிறாள். வேலை முடிந்து களைத்துப்போய் வந்த யாரோ, ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரமே நடக்கவில்லை என்று ஆக்கியாயிற்று. அறை போவதைவிட அதுதான் அவளை அறுத்தது.

உண்மையை எழுதிவிடலாம். ஆனால் இன்டர்ன் சொல் அம்பலம் ஏறுமா? கணக்குப் போட்டாள். பதினைந்து நாள், நாளுக்கு இருபது, முந்நூறு. எந்தெந்தப் புத்தகம் என்று நினைவில்லை. கணினித் திரைக்கு முட்டுக்கொடுத்திருந்த தடிப் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. 'மீன்வலைக் கண்களின் அளவு: ஓர் ஒப்பீடு, மூன்றாம் பகுதி.' உருவி எடுத்தாள்.

முந்நூறு பீப்.

மறுநாள் லிஃப்டில் இருந்த அறிவிப்புத் திரை தானாகவே பளிச்சிட்டது: 'இம்மாதம் அதிகம் வாசிக்கப்பட்ட நூல்: மீன்வலைக் கண்களின் அளவு. 300 முறை.'

"அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்றார் லிஃப்டில் நின்ற மொழிபெயர்ப்பாளர்.

"வலைதான் இருக்கும்" என்றாள் அடுக்கு, தரையைப் பார்த்தபடி.

இரவுச் சாப்பாட்டில் அக்கா வாயைப் பிளந்தாள். "ஒரே புத்தகத்தையா முந்நூறு தடவை? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டி!"

"பொய் இல்லக்கா. படிச்சவங்க நிஜம். புத்தகம்தான் மாறிப்போச்சு."

"அப்புறம் எதுக்கு உன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? கூட நாப்பது அம்பது புத்தகத்தைச் சேத்துவிடு. கலந்தாப்பல இருக்கும்."

சேர்த்தாள். வலைப் புத்தகத்தை வைக்கப் போன அலமாரியிலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்துப் பீப் பீப் என்று காட்டினாள். ஆனால் நூலக அலமாரி கல்யாணப் பந்தி இல்லை, யார் பக்கத்தில் யாரும் உட்கார. அங்கே உறவுக்காரர்கள்தான் சேர்ந்து உட்காருவார்கள். வலைக்குப் பக்கத்தில் கயிறு, கயிற்றுக்குப் பக்கத்தில் படகுக்குப் பூசும் சாயம், அதற்கடுத்து மீனுக்கு ஐஸ் போடும் முறைகள். வியாழக்கிழமை திரையில் முதல் பத்து இடமும் மீனுக்கே!

அதிகாரியிடமிருந்து மின்னஞ்சல் பறந்து வந்தது. 'மீன்வளத்தில் திடீர் ஆர்வம் வியப்பளிக்கிறது. நாளை அந்த வாசகர்களைச் சந்திக்க விரும்புகிறேன்.'

கிணறு வெட்டப் போய்ப் பூதமே கிளம்பிவிட்டது.

"நீயாவது வந்து உக்காருக்கா."

"நானா? எனக்கு மீன் வாசனையே ஆகாதுடி."

வெள்ளிக்கிழமை வாசலில் அதிகாரியின் பெயரைப் பதிந்து முடிக்க நேரமாகிவிட, பத்து நிமிடம் தாமதமாக அதிகாரியோடு மேலே வந்தாள் அடுக்கு. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்ற முடிவோடு கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஊழியர்கள் நிறைந்து உட்கார இடமில்லை.

"சார், மூணாம் பகுதியை நான்தான் முதல்ல எடுத்தேன்!"

"நீங்க இந்தக் கயித்துப் புத்தகத்தைப் பாருங்களேன், இதுவும் நல்லாத்தான் இருக்கு."

அதிகாரி மொழிபெயர்ப்பாளரை நெருங்கினார். "நீங்க எதுக்கு இதைப் படிக்கறீங்க?"

"முந்நூறு பேர் படிச்சிருக்காங்க சார். நான் மட்டும் படிக்காம இருந்தா எப்படி? ஆனா ஒண்ணு, வலையில கண்ணு சின்னதா இருந்தா குஞ்சு மீனும் மாட்டிக்கும், அடுத்த வருஷம் கடல்ல மீனே இருக்காதாமே? இத்தனை நாள் தெரியாமப் போச்சு!"

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். போகும்போது, "அறை இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் நின்று, "முதல் பகுதி யார்கிட்டயாவது இருக்கா?" என்றார்.

அறை பிழைத்தது. அடுக்குக்குத்தான் தூக்கம் பிழைக்கவில்லை. ஒரு பொய்யை நம்பிப் பதினோரு பேர் வந்து, உண்மையாகவே படித்துவிட்டுப் போனார்கள். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதற்கு முன்னே வந்த அந்த நாகரிகமான வாசகர்கள்? அவர்கள் பெயரில் மீனையல்லவா ஏற்றி வைத்திருக்கிறாள்?

திங்கட்கிழமை ஏழு மணிக்கே வந்தாள். கையில் இருபது துண்டுக் காகிதங்கள். 'உங்கள் வாசிப்பைப் பதிவு செய்யத் தவறினேன். மன்னிக்கவும்.' விரிந்து கிடக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒன்றைச் செருகிவிடுவதாகத் திட்டம்.

மேசைகள் பாதி காலியாக இருந்தன. துப்புரவு அம்மா மார்போடு அணைத்த புத்தகங்களோடு அலமாரியிலிருந்து வந்து, ஒன்றை எடுத்து நடுவில் விரித்து மேசையில் வைத்தார். தள்ளிநின்று பார்த்து, கொஞ்சம் சாய்த்து வைத்தார்.

"என்னம்மா பண்றீங்க?" என்றாள் அடுக்கு.

"வாங்கம்மா. நூலகர் அய்யா சொன்னாருன்னு ஆறு வருஷமா நானும் தினம் இருபது புத்தகத்தை எடுத்து விரிச்சு வைக்கறேன். நிஜமா ஒருத்தர் உக்காந்து நாற்காலி நகந்து கிடந்தது, போன வெள்ளிக்கிழமைதாம்மா முதல் தடவை!"