என் ஆன்மாவுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை

கவிதை எழுதுகிறவனுக்கும் தலைவலி வரும். அது வெறும் தலைவலிதான் என்று அவனை நம்பவைக்க மட்டும் எந்த மருத்துவத்தாலும் முடியாது.

எனக்கு வந்தது ஒற்றைத் தலைவலி. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கம்பெனி வண்டி ஊரும்போது இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஜல்லி கொட்டுவார்கள். (பகலில் இயந்திரங்களுக்கு உபயோகக் கையேடு எழுதுவது என் பிழைப்பு, மற்ற நேரத்தில் உரைநடைக் கவிதை. இரண்டையும் யாரும் படிப்பதில்லை.) மனைவி லில்லியின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு டாக்டரிடம் போனேன். வலியை மழை, மின்னல், துருப்பிடித்த தண்டவாளம் என்று நான் வர்ணித்துக்கொண்டிருந்தபோதே அவர் சீட்டை எழுதி முடித்திருந்தார். "நைட் ஒண்ணு போடுங்க. பயப்படாதீங்க." எதற்குப் பயப்படக் கூடாது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை, அடுத்த தலை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

மருந்துக்கடை வாசலிலேயே மாத்திரையின் பெயரைப் போனில் தேடினேன். முதல் வரி: மனச்சோர்வுக்கான மருந்து.

இன்னொருவன் பதறியிருப்பான். எனக்குப் புல்லரித்தது. எந்தப் பதிப்பாளர் கண்ணுக்கும் படாத என் இருண்ட ஆன்மாவை, கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்த நேரத்தில் இந்த மனுஷன் படித்துவிட்டாரே! கீழே கொஞ்சம் உருட்டியிருந்தால் மீதியும் தெரிந்திருக்கும். உருட்டவில்லை. மகான்கள் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அன்றிலிருந்து ஜன்னலோரம் பெருமூச்சு. காபியை ஆறவிட்டுக் குடித்தேன். மாத்திரை அட்டை சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில், கொஞ்சம் வெளியே தெரியும்படி.

"நிஜமா அந்த வியாதி இருக்கறவங்க மாத்திரைய அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சுத் திங்கறாங்க. நீங்க மெடலாட்டம் குத்திக்கினு திரியறீங்க," என்றாள் லில்லி. "எங்க அண்ணி பட்ட பாடு தெரியாதா உங்களுக்கு?"

(தெரியும். ஆனால் அண்ணி கவிதை எழுதியதில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு பிறவி நான்.)

இந்தக் கோலத்தில்தான் அக்கா மகள் நான்சியின் நிச்சயதார்த்தம் வந்தது. லிங்கராஜபுரத்தில் ஒரு சின்ன மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் விவேக் நகர். நான்சிக்கு அப்பா இல்லை; எனவே தாய்மாமன் நான்தான் மைக் பிடித்து எங்கள் சனத்தை அறிமுகம் செய்ய வேண்டும். தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்களில் இது ஒரு சடங்கு மாதிரி: இவர் யாருக்கு மகன், தாத்தா எந்தச் சுரங்கம், சுரங்கக் குடியிருப்பில் வீடு எந்த லைன், இப்போது என்ன வேலை. எல்லாரையும் முடித்துக் கடைசியில் என்னிடம் வந்தேன்.

"நான், மனச்சோர்வில் வாழும் கவிஞன். இந்த மாத்திரையில் ஓடுகிறது என் உயிர்," என்று அட்டையை உயர்த்திக் காட்டினேன். கைதட்டலுக்கு இடைவெளியும் விட்டேன்.

அந்த இடைவெளியில் மாப்பிள்ளையின் அத்தை எழுந்தார். "மாமனுக்கு மெண்டல் மாத்திரையா? சொல்லவே இல்லையே! பொண்ணு வேற அப்படியே மாமன் ஜாடை."

மண்டபமே என் மூக்கையும் நான்சியின் மூக்கையும் மாறிமாறிப் பார்த்தது. உலகத்து நோய் அத்தனையையும் ஒரே சொல்லில் மூட்டை கட்டும் மேதைகள்! மோதிரத் தட்டு மெல்ல அவர்கள் பக்கம் நகர்ந்தது.

அக்கா ஓடிவந்தாள். "டேய், இன்னாடா பேசிக்கினு கீற? எம்பொண்ணு வாழ்க்கைடா!"

நான்சி அழவில்லை. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள்: "மாமா, உனக்கு நிஜமாவே அப்படின்னா, உன்ன கேவலமாப் பேசற வீடு எனக்கு வேணாம். எழுந்து போயிடலாம். ஆனா நிஜமா?"

அதற்குள் லில்லி டாக்டரைக் கூப்பிட்டு, போனை மைக்குக்கு நேராகப் பிடித்திருந்தாள். "நீங்களே கேளுங்க."

கேட்டால் நான்சிக்குக் கல்யாணம். கேட்காவிட்டால் எனக்கு ஆன்மா. வெட்கக்கேடு, ஒரு கணம் யோசித்தேன்.

"டாக்டர், எனக்கு மனச்சோர்வுதானே?"

"யாரு? தண்டவாளம் சாரா?" மண்டபம் முழுக்க அவர் குரல். "உங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், மைக்ரேன். அந்த மாத்திரை டிப்ரெஷனுக்குன்னு வந்தது. கம்மி டோஸ்ல தலைவலி வராம தடுக்கவும் குடுப்போம். அன்னைக்கே சொன்னேனே?"

"சொல்லல."

"ஓ. அன்னைக்கு கிளினிக்ல ஜனா ஜாஸ்தி, ஒரே கூட்டம்."

என் இருண்ட ஆன்மா ஒலிபெருக்கியில் இறந்தது. சிரிப்பு அடங்கியும் அத்தை மட்டும் உட்காரவில்லை. "எதுக்குத் தின்னா என்ன? மெண்டல் மாத்திரை மெண்டல் மாத்திரைதான்."

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளையின் அப்பா என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதே பெயர்.

"சுகர் டாக்டர் கால் எரிச்சலுக்குக் குடுத்தாரு. இன்னாத்துக்குன்னு எனக்கும் எவனும் சொல்லல. அப்போ நானும் மெண்டலா, அக்கா? சொல்லு."

அத்தை உட்கார்ந்தார். மோதிரத் தட்டு திரும்பி வந்தது. சம்பந்தி என் காதருகே குனிந்தார். "இத போட்டா வாய் காஞ்சு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குதா?"

"ஒட்டிக்குது."

"அதான பாத்தேன்," என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நான்சி இப்போது விவேக் நகரில் இருக்கிறாள். எந்த விசேஷத்திலும் அவள் மாமனாரும் நானும் ஒரே பாட்டிலோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிறோம். மைக்கை மட்டும் யாரும் என் கைக்கு எட்டவிடுவதில்லை. எனக்குத் தலை வலிக்கிறது என்று லில்லி சொல்லிவிட்டால் போதும், உடனே நான்சியின் போன் வரும்:

"இன்னா மாமா, இன்னைக்கு ஆன்மா எடது பக்கமா, வலது பக்கமா?"